மணநாளில் ஊரைவிட்டுப் போன காஞ்சிக்காரர்

நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்த மடங்கள், 10,000 பிக்குகள், சுமார் 80 கோயில்கள், ஏராளமான சமணர்கள். கி.பி. 640 வாக்கில் காஞ்சிக்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங் தரும் கணக்கு இது. கூடவே ஒரு கதையும் எழுதிவைத்திருக்கிறார்.

இவ்வூர் அமைச்சர் ஒருவரின் மூத்த மகன் தர்மபாலர். அரசன் தன் மகளையே கொடுக்க முன்வந்தான். மணநாள் மாலை, மனம் கலங்கிய இளைஞர் புத்தர் சிலை முன் நின்று வேண்டினார். பிறகு ஊரைவிட்டு வெளியேறித் துறவியானார். நாளந்தா பௌத்தப் பல்கலைக்கழகத்துக்கே தலைவராக உயர்ந்தார். அவருடைய மாணவர் சீலபத்திரரிடம்தான் யுவான் சுவாங் பாடம் கேட்டார்.

பதவியும் செல்வமும் கைக்கெட்டியும், எதற்காக வாழ்கிறோம் என்ற கேள்வி தர்மபாலரை விடவில்லை.

அதற்குப் பல பதில்களை ஒரே ஊரில் வைத்திருந்ததே காஞ்சியின் பெருமை. பௌத்த மடங்கள் மறைந்துவிட்டன. ஆனால் காஞ்சியை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலில் வழிபாடு இன்றும் நடக்கிறது. மண்டபக் கூரையில் தீர்த்தங்கரர் வாழ்க்கை ஓவியங்களைப் பார்க்கலாம்.