கோவளம் – வடநெம்மேலி முட்டை ஆய்வுகள்

சென்னைக்குத் தெற்கே, கோவளம் முதல் மாமல்லபுரம் வரையுள்ள கடற்கரையில் கடலாமை, முதலை முட்டைகளின் கருவளர்ச்சி பற்றி 1970களிலிருந்து நடந்த ஆய்வுகள். உயிரினப் பாதுகாப்புக்காகத் தொடங்கிய இவ்வகைப் பணிகள் பிறகே கருவளர்ச்சியியல் மாநாடுகளை எட்டின.

1970களின் முற்பகுதியில் சென்னைப் பாம்புப் பண்ணையினர் இரவில் கடலோரம் நடந்து பங்குனி ஆமை முட்டைகளைத் திரட்டிப் பொரிக்கவைத்தனர். பின்னர் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கோவளத்திலிருந்த தன் கள ஆய்வகத்தில் ஆமைப் பொரிப்பகம் நடத்தியது. இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன் பின் முட்டையைப் புரட்டினால் கரு இறந்துவிடும். எனவே முட்டை கிடந்த வாக்கிலேயே அதை எடுத்துப் புதைப்பது பொரிப்பகங்களின் முதல் விதி. ஈ. ஜி. சைலாஸ் இயக்குநராக இருந்த காலத்தில், 1984இல், அந்நிலையம் சென்னையில் கடலாமைப் பாதுகாப்புப் பயிலரங்கைக் கூட்டி, கட்டுரைகளை அவ்வாண்டே நூலாக்கியது.

முட்டையின் வெப்பநிலை குஞ்சின் பாலை முடிவுசெய்வதை ஒரு பல்லியில் முதலில் கண்டவர் மடலேன் ஷார்னியே (1966). பங்குனி ஆமைக்கும் இது பொருந்தும் என்ற ஒடிசா ஆய்வை, உத்கல் பல்கலைக்கழகத்தின் பிரியம்வதா மொகந்தி ஹெஜ்மாடியும் எம். டி. டைமண்டும் எழுதினர். 1985இல் லாஸ் ஏஞ்சலிஸில் கூடிய பன்னாட்டுக் கருவளர்ச்சியியலாளர் சங்கத்தின் பத்தாம் மாநாட்டுத் தொகுப்பில் அது இடம்பெற்றது.

முதலைப் பணி இன்னும் விரிவாகப் பதிவானது. ராமுலஸ் விட்டேகர் 1976இல் வடநெம்மேலியில் நிறுவிய சென்னை முதலைப் பண்ணையில் சதுப்பு முதலைகள் ஒரே பருவத்தில் இருமுறை முட்டையிட்டன. ஆய்வுக்கு முட்டைப் பஞ்சமில்லை. ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், விட்டேகர் ஆகியோர் 1989இல் வெளியிட்ட முடிவின்படி, 28 முதல் 31 டிகிரி செல்சியஸ் வரை அடைகாத்த முட்டைகளில் பெண் குஞ்சுகளே வந்தன, 32.5 டிகிரியில் ஆண் குஞ்சுகள் மட்டும். ஆமையில் நிலைமை தலைகீழ்: சூடு கூடினால் பெண். பொரிக்கும் தறுவாயில் முதலைக் குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்தே கத்தும். தாய் வந்து குழியைத் தோண்டிவிடும். எந்த அடைகாப்புக் கருவியும் தராத உதவி இது.

பொரிப்பகத்துக்கு நிழற்பந்தல் போடுவது ஆமைகளின் பால் விகிதத்தைக் குலைக்கிறதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இயற்கைக் குழியே மேல் என்பர் சிலர். நாயும் நரியும் முட்டையைத் தின்னும் கரையில் பொரிப்பகமின்றி வழியில்லை என்பர் மற்றவர். குஞ்சின் பாலை வெளித்தோற்றத்தால் அறிய இயலாது. அதன் இனப்பெருக்கச் சுரப்பியைப் பார்த்தாக வேண்டும். வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினத்தில் அதை எளிதில் செய்ய முடியாததால் விவாதம் நீள்கிறது.

1988இல் தொடங்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு சென்னைக் கரையில் தொடர்ந்து இயங்குகிறது. வனத்துறையும் இப்போது பொரிப்பகங்களை நடத்துகிறது.