மணலும் சட்டமும்: மட்டக்களப்பில் வாசிப்புப் பழகிய கதை

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், எழுவான்கரையானாலும் படுவான்கரையானாலும், பிள்ளைக்கு எழுத்து முதலில் விரலில்தான் ஏறியது. விஜயதசமியன்று ஏடு தொடக்கி அரிசியில் ‘அ’ எழுதிய பிள்ளை, திண்ணைப் பள்ளியில் அதே எழுத்தை மணலில் சுட்டுவிரலால் இழுத்துப் பழகும். இழுக்கும்போதே உரக்கச் சொல்லவும் வேண்டும். மணலில் கை தேறிய பிறகுதான் எழுத்தாணியும் ஓலையும்.

ஓலையை வாசிப்பது எவருக்கும் எளிதாக இருக்கவில்லை. மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவம். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. பாட்டு முன்பே காதில் இருந்தால்தான் ஏடு கண்ணுக்குப் பிடிபடும். எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளையும் மனப்பாடத்தின் துணையோடு ஓரளவு தப்பிவிடலாம். தப்பாதபோது பிரம்பு பேசியது. அந்தத் திண்ணை பெண்பிள்ளைகளுக்கும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் எட்டவுமில்லை. அதைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை.

இதைவிடத் தாராளமான பள்ளி கூத்துக்களரி. வடமோடிக் கூத்தோ தென்மோடிக் கூத்தோ, பழக்கம் தொடங்கும்போது ‘சட்டம் கொடுத்தல்’ நடக்கும்: அவரவர் பாட வேண்டிய பாட்டுகளை எழுதிய ஏட்டையோ கொப்பியையோ கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் கையளிப்பார். எழுத்தறியாதவருக்கு வேறொருவர் வாசித்துச் சொல்ல, அவர் கேட்டே பாடம் பண்ணிவிடுவார். ஆட்டம் காலிலும் தாளம் மத்தளத்திலும் பாட்டோடு சேர்ந்தே பழக்கப்படும். களரியில் அடி தவறினால் எடுத்துக்கொடுக்க ஏடு பார்ப்பவர் இருப்பார். பிற்பாட்டுக்காரர் அதைத் திருப்பிப் பாடுவார்கள். விடியவிடிய ஆடி முடிப்பவருக்கு வாசிக்கத் தெரியுமா என்று சபையில் யாரும் கேட்டதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டது அச்சுப் புத்தகமும் பள்ளிப் பரிசோதகரும். 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்து பள்ளிகளைத் தொடங்கினார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அவரிடமிருந்தே எண்ணுகிறது. அடுத்த ஆண்டே அவர் இறந்தாலும் பள்ளிகள் நிலைத்தன. 1873இல் புனித மிக்கேல் கல்லூரியும், சுவாமி விபுலாநந்தரின் முயற்சியால் 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயமும் எழுந்தன. இதற்கிடையே 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் உருவாகி, உதவிபெறும் பள்ளிகளுக்குப் பெறுபேற்றைப் பார்த்துப் பணம் கொடுக்கும் முறை வந்தது. பரிசோதகர் முன் பிள்ளை வாசிக்காவிட்டால் பள்ளியின் வருமானம் குறையும். அன்று முதல் வாசிக்கத் திணறும் பிள்ளை ஒரு நட்டக்கணக்கு.

ஏறக்குறைய அதே காலத்தில் ஐரோப்பிய மருத்துவர்கள் இந்தத் திணறலைக் கவனிக்கத் தொடங்கினார்கள். 1887இல் ஜெர்மன் கண் மருத்துவர் ருடோல்ஃப் பெர்லின் ‘டிஸ்லெக்சியா’ என்ற சொல்லைப் படைத்தார். 1896இல் இங்கிலாந்தின் பிரிங்கிள் மோர்கன், கெட்டிக்காரனாக இருந்தும் வாசிக்க முடியாத 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். 1943இல் அமெரிக்க உளவியலாளர் கிரேஸ் ஃபெர்னால்ட் வெளியிட்ட நூல், சொல்லை விரலால் தடவி, தடவும்போதே வாயால் சொல்லிப் பழகும் முறையை விளக்கியது. மணலில் எழுதிப் பழகிய ஊருக்கு அது புதுமையாக இருந்திருக்காது.

இலங்கையில் 1945இல் இலவசக் கல்வியும், 1998இல் 5 முதல் 14 வயதுவரை கட்டாயக் கல்வியும் நடைமுறைக்கு வந்தன. விசேட கல்வியோ 1912இல் தொடங்கிய செவிப்புலனற்றோர், பார்வையற்றோர் பள்ளியிலிருந்து வளர்ந்தது. வாசிப்புத் திணறல் போன்ற, கண்ணுக்குத் தெரியாத இடர்பாடு அதில் பின்வரிசையில்தான் நின்றது. சென்னையில்கூட மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் 1991இல்தான் தோன்றியது. மட்டக்களப்பில் 1978இன் சூறாவளி, நீண்ட போர், இடப்பெயர்வு, 2004இன் சுனாமி எல்லாம் பிள்ளைகளின் படிப்பைக் குலைத்தன. வாசிக்காத பிள்ளை பள்ளி இழந்த பிள்ளையா, இடர்பாடுள்ள பிள்ளையா என்று பிரித்தறிவது ஆசிரியருக்குக் கடினமாயிற்று. ‘மொக்கு’ என்ற ஒற்றைச் சொல் இரண்டையும் மூடிவிட்டது.

தமிழ் எழுத்துக்கென்றே சில முட்டுகள் உண்டு. ‘கொ’ என்பதில் ககர ஒலி முதலில் வர, கொம்பு அதற்கு முன்னால் நிற்கிறது. ண, ன, ந பேச்சில் ஒன்றோடொன்று நெருங்கிவிடுகின்றன. இதற்கெல்லாம் பலன் தரும் வழி, சொல்லை ஒலியாக உடைத்து, ஒவ்வொன்றையும் கண், காது, விரல் மூன்றாலும் மெதுவாகப் பழக்குவதுதான். பார்வையும் செவியும் சரியாக இருந்து, பள்ளிக்கும் ஒழுங்காக வந்து, கூத்துப் பாட்டு முழுவதையும் கேட்டே ஒப்புவிக்கும் பிள்ளை, அதே பாட்டின் ஒரு வரியைக் கொப்பியில் வாசிக்கத் தடுமாறினால், ஆசிரியர் முதலில் கவனிக்க வேண்டிய அறிகுறி அதுவே.