கம்பவுண்டரும் காலி சீசாவும்



போன வாரம் சொந்தக்காரர் ஒருவரைப் பார்க்கப் பேரனோடு க.விலக்கு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு ஓரத்தில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலத் தொட்டிகள். "எதுக்குத் தாத்தா இத்தனை கலர்?" என்றான். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

1960-களில் எங்கள் ஊர் கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு அம்மா என்னைக் கூட்டிப்போகும்போது கையில் கழுவிய சீசா ஒன்று இருக்கும். சீசா இல்லாமல் போனால் மிக்சர் கிடையாது. கம்பவுண்டர் ஊற்றிக்கொடுத்து, வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, பல்லுப்பல்லாக வெட்டிய காகிதத்தைப் பக்கவாட்டில் ஒட்டுவார். ஊசியும் அப்படித்தான். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிநீரில் போட்டு எடுத்து அடுத்தவருக்குப் போடுவார்கள். முனை மழுங்கினால் கல்லில் தீட்டிக்கொள்வார்கள். எதையும் எறிந்து நான் பார்த்ததில்லை.

அந்தச் சிக்கனத்தைப் புகழ்கிறவர்கள் உண்டு. நான் புகழ மாட்டேன். எகிப்தில் 1950-களிலிருந்து 1980-கள் வரை, நத்தை மூலம் பரவும் ஒட்டுண்ணி நோய்க்கு அரசே ஊர் ஊராக ஊசி போட்டது. சரியாகக் கொதிக்க வைக்காத கண்ணாடி சிரிஞ்சுகள் வழியே ஹெபடைடிஸ் சி பரவி, உலகிலேயே அந்த நோய் மிகுந்த நாடுகளில் ஒன்றாக எகிப்து ஆனது. அந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததே 1989-ல்தான்!

எய்ட்ஸ் பயம் வந்தபின் இங்கும் கண்ணாடி போய் பிளாஸ்டிக் வந்தது. அதோடு குப்பையும் வந்தது. 1990-களில் என் வகுப்புப் பிள்ளைகள் குப்பைமேட்டில் பொறுக்கிய சிரிஞ்சில் தண்ணீர் பீய்ச்சி விளையாடுவார்கள். பிடுங்கி எறிந்திருக்கிறேன். எங்கே எறிவதென்று எனக்கும் தெரியாது. அடி வாங்கியவர்கள் இதைப் படித்தால் மன்னிக்கவும்.

1998-ல் மத்திய அரசு மருத்துவக் கழிவு விதிகளைக் கொண்டுவந்தது. விதி இருந்தும் 2009-ல் குஜராத்தின் மொடாசாவில் பழைய சிரிஞ்சுகளை மறுபடி பயன்படுத்தி, மஞ்சள் காமாலையில் பலர் இறந்தார்கள். 2016-ல் புது விதிகள் வந்தன. மஞ்சளில் போடுவது பெரும்பாலும் எரிக்க. வெள்ளை, ஊசிக்கும் பிளேடுக்கும். நீலம் கண்ணாடிக்கு. சிவப்பில் டியூபும் ஊசி கழற்றிய சிரிஞ்சும். சிவப்பில் விழுந்ததை நீராவியில் கிருமி நீக்கி, துண்டு துண்டாக வெட்டிய பிறகுதான் மறுசுழற்சிக்குக் கொடுக்கலாம். வெட்டிவிட்டால் யாரும் கழுவி விற்க முடியாதல்லவா? மூட்டை எங்கிருந்து கிளம்பி எங்கே போனது என்று பார்க்க, பையில் பார்கோடும் ஒட்ட வேண்டும்.

பேரன் மிட்டாய்க் காகிதத்தைச் சிவப்புத் தொட்டியில் போடப்போனான். துப்புரவுப் பணியாளர் ஒருவர் ஓடிவந்து கையைப் பிடித்தார். பார்த்தால் என் பழைய மாணவி! முன்பு வேறோர் இடத்தில் வேலை பார்த்தபோது, சாதாரணப் பையில் கிடந்த ஊசி குத்தி, மாதக்கணக்கில் ரத்தப் பரிசோதனைக்கு அலைந்திருக்கிறாள். எனக்குப் பேச்சே வரவில்லை. அவள்தான் சிரித்தாள்.

"சார், அன்னிக்கு நீங்க பிடுங்கி எறிஞ்ச சிரிஞ்சுல ஒண்ணு என்னோடது."