கிணத்து பம்பும் டீசல் கார் பிரேக்கும்

கிணத்து மேட்டுல பம்பு வெச்சவங்களுக்குத் தெரியும்: தண்ணி 25 அடிக்குக் கீழ போயிட்டா இழுக்கத் திணறும். இது நேத்து வந்த சிக்கல் இல்லை. இத்தாலியில் உறிஞ்சு பம்புகளில் தண்ணீர் சுமார் 33 அடிக்கு மேல் ஏற மறுத்தது. கலிலியோ 1638-ல் வெளியான தன் நூலில் இதை எழுதினார். 1640களில் டோரிசெல்லி பாதரசத்தை வைத்துக் காரணம் காட்டினார். பம்பு தண்ணியை இழுக்கலை. வெளிக்காத்துதான் கீழேயிருந்து தள்ளுது. அடுத்த பத்தாண்டில் மாக்டெபர்க் நகரத் தலைவர் ஓட்டோ வான் கெரிக்கே இரண்டு அரைக்கோளங்களைச் சேர்த்து உள்காற்றை எடுத்தார். குதிரைகளைப் பூட்டி இழுத்தும் அவை லேசில் பிரியவில்லை.

அதே காத்துதான் கார் பிரேக் பூஸ்டருக்கும் பலம். பெட்ரோல் எஞ்சினில் த்ராட்டில் காற்றுவழியை அடைப்பதால் வாக்குவம் சும்மாவே கிடைக்கும். பழைய டீசலில் அந்த அடைப்பு கிடையாது. எண்ணெயைக் கூட்டிக் குறைத்துத்தான் வேகம். அதனால் வாக்குவத்துக்கென்றே தனி பம்பு. பல வண்டிகளில் அது ஆல்டர்னேட்டர் முதுகில் உட்கார்ந்திருக்கும்.

போன மாசம் வீட்டுக்காரியோட ஏரிக்கரை இறக்கத்துல வர்றேன், எங்க பழைய டீசல் கார்ல பிரேக் பெடல் கல்லு மாதிரி ஆயிடுச்சு. ரெண்டு காலையும் வெச்சு மிதிச்சுத்தான் நின்னுச்சு. பூஸ்டரையே மாத்தணும்னு மெக்கானிக் சொன்னார். செலவைக் கேட்டதும் கிணத்து பம்பு ஞாபகம் வந்துச்சு. அங்க என்ன பார்ப்போம்? இழுப்பு இருக்கா, குழாய்ல காத்து பிடிக்குதா, ஃபுட் வால்வு நிக்குதா.

அதே வரிசையில பார்த்தேன். எஞ்சினை ஓடவிட்டு, பம்புப் பக்கம் ஹோஸைக் கழட்டி விரல் வெச்சேன்; நல்லா இழுத்துச்சு. ஹோஸை மாட்டி, பூஸ்டர் பக்கம் கழட்டி வெச்சா இழுப்பு சோகை. அப்போ கோளாறு நடுவுல. கிளாம்புக்கு அடியில ரப்பர் வெடிச்சு, 'உஸ்'ஸுன்னு சத்தம். புது ஹோஸும் செக் வால்வும் போட்டாச்சு.

சரியாயிடுச்சான்னு பார்க்க: எஞ்சினை நிறுத்தி நாலஞ்சு தடவை பிரேக்கை மிதிங்க, பெடல் இறுகும். மிதிச்சபடியே ஸ்டார்ட் பண்ணினா கால் கொஞ்சம் கீழே இறங்கணும். எனக்கு இறங்குச்சு. உங்களுக்கு இறங்கலேன்னா, சரிபண்ணாம வண்டியை ரோட்டுக்கு எடுக்காதீங்க.