பெயர் இல்லாத சூறாவளி

2022 செப்டம்பரில் நோவா ஸ்கோஷியாவைத் தாக்கிய புயலை இங்கே எல்லோரும் ‘பியோனா’ என்கிறோம். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளிக்கு என்ன பெயர்? அம்மம்மாவைக் கேளுங்கள், ‘எழுபத்தெட்டுச் சூறாவளி’ என்பார். அதற்குப் பெயரே வைக்கவில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலுக்கும் அப்படித்தான்.

அத்திலாந்திக் புயல்களுக்கு 1953 முதல் பெண் பெயர்கள். 1979இல் ஆண் பெயர்களும் சேர்ந்தன. ஆறு ஆண்டுக்கு ஒருமுறை அதே பட்டியல் திரும்ப வரும். பேரழிவு தந்த பெயரை மட்டும் நீக்குவார்கள், பியோனாவையும் நீக்கிவிட்டார்கள்.

வங்காள விரிகுடாவில் 2004இல்தான் பெயரிடத் தொடங்கினார்கள். இலங்கை உட்பட அந்தக் கடற்பகுதி நாடுகள் பெயர்களைத் தருகின்றன. ஒரு பெயர் ஒருமுறைதான். 2008இல் யாழ்ப்பாணத்தை வெள்ளத்தில் ஆழ்த்திய ‘நிஷா’ இனி வராது.

அதற்கு முந்திய புயல்களை எந்தப் பெயரில் தேடுவீர்கள்? வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.