கரிசலில் வண்டி நிறுத்தம்: ஒரு விதிக்கு உரை

மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2016-இல் வெளியிட்ட மாதிரிக் கட்டட விதிகளின் 14-ஆம் அத்தியாயத்தில் மரம், மழைநீர் பற்றிச் சில கூறுகள் உண்டு. 5,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுவோருக்காக எழுதப்பட்டவை. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் பல இந்த அளவை எட்டாது. ஆனாலும் இங்கே வண்டி நிறுத்தம் அமைப்பவர்கள் தாமாகவே ஏற்க வேண்டிய கூறுகள் இவை. அவற்றின் கருத்தைச் சொல்லி, நம் மண்ணுக்கு அதன் பொருளைப் பார்ப்போம்.

80 சதுர மீட்டர் நிலத்துக்கு ஒரு மரம். ஒரு கார் நிற்க 2.5-க்கு 5 மீட்டர் வேண்டும். ஆக, ஆறு கார் நிற்கும் பரப்புக்கு ஒரு மரம். ஒரு ஏக்கர் வளாகத்துக்கு 50. எங்கே நடுவது என்பதை விதி சொல்லவில்லை. அதனால் அத்தனையையும் காம்பவுண்டுச் சுவரோரம் நட்டுவிட்டு, நடுத்திடலை வெயிலுக்கு விட்டுவிடுகிறார்கள். சித்திரை முகூர்த்தம் முடிந்து வந்து கார்க் கதவைத் தொட்டால் கை சுடுகிறது. எதிரெதிர் நிற்கும் இரண்டு வரிசைக்கு இடையில் மரம் வர வேண்டும்.

நாட்டு மரங்களுக்கு முன்னுரிமை. வேம்பு, புங்கம், பூவரசு. நிழலின் அடர்த்திக்கு என் தேர்வு புங்கம். உடைமரம் இந்த மண்ணின் பிள்ளைதான், ஆனால் முள் டயரைப் பதம் பார்க்கும். அது வேலியோரம் நிற்கட்டும். அழகுக்கு ஆவாரை போதும். முறை வைத்துக் குடிதண்ணீர் வரும் ஊரில் புல்தரை வேண்டாம்.

திறந்தவெளியில் 20 சதவீதமாவது நீர் இறங்கும்படி இருக்க வேண்டும். பாதிக்குப் பாதி துளையுள்ள பேவர் பிளாக்கும் அந்தக் கணக்கில் சேரும். நம் ஊருக்கு உயிரான கூறு இதுதான். விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் கணிசமான பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். கரிசல் மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அதன் மேல் நேரடியாகக் கல் பதித்தால் இரண்டு மழையில் மேடும் பள்ளமும்தான். மேல்மண்ணை எடுத்துவிட்டு ஜல்லியும் மணலும் பரப்பி, அதன்மேல் கல் பதிக்க வேண்டும். துளைகளில் புல்லுக்குப் பதில் சிறு ஜல்லி போட்டாலும் நீர் இறங்கும். கரிசல் மெதுவாகத்தான் நீர் குடிக்கும். அதுவரை அந்த ஜல்லிப் படுகை நீரைப் பிடித்து வைத்திருக்கும்.

மரத்தின் அடியைப் பாருங்கள். பல வளாகங்களில் தண்டைச் சுற்றி ஒரு முழம் விட்டு, தளத்துக்கு மேலே எழும்பிய சிமெண்ட் வளையம். பெய்த மழை வளையத்தில் முட்டி, வாறுகாலுக்கு ஓடுகிறது. உள்ளே மண் காய்ந்து கிடக்கிறது. குழி மூன்றடிக்கு மூன்றடி இருக்கட்டும், அதன் மண் தளத்தைவிட ஒரு சாண் தாழ்ந்திருக்கட்டும். சக்கரம் ஏறாமல் ஒரு தடுப்புக்கல் மட்டும் போதும்.

நிற்கும் மரமும் கணக்கில் சேரும். ஒன்றை வெட்டினால் மூன்று நட வேண்டும். முன்பாதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். வளர்ந்த வேம்பின் நிழலை மூன்று கன்றுகள் பல ஆண்டுகளுக்குத் தராது.

ஐப்பசிக்கு முன் தளம் போடவிருக்கும் மண்டபக்காரர்களே, மரக்குழியை முதலில் வெட்டச் சொல்லுங்கள். பேவர் பிளாக் லாரி அதற்குப் பிறகு வரட்டும்.