முதல் நாளில் மறைந்த முதல் எண்

வேல்சு நாட்டின் உச்சிமலையாகிய சுனோடன் 1,085 மீட்டர் உயரமுடையது. அம்மண்ணின் மொழியில் அதன் பெயர் எர் வித்வா. புதைமேடு என்பது பொருள். ரிட்டா என்னும் அரக்கன் அங்கே புதையுண்டு கிடப்பதாக நாட்டார் கதை கூறும். அம்மேட்டின்மீது புகைவண்டி ஏறுவதை நிலக்கிழார் அசெட்டன்-சுமித் நெடுங்காலம் விரும்பவில்லை; மலையழகு கெடும் என்பது அவர் கருத்து. பக்கத்து இருப்புப்பாதையொன்று மலையின் மறுபுறத்தை எட்டிச் சுற்றுலாப் பயணிகளை ஈர்க்கத் தொடங்கிய பின்னரே இசைந்தார். அழகைக் காக்க நின்றவரை அசைத்தது ஊர்ப்போட்டியே எனலாம். 1894 திசம்பரில் பணி தொடங்கிற்று. முதல் எஞ்சினுக்கு அவர்தம் மனைவியார் பெயரின் முதலெழுத்துகளைக் கோத்து 'லாடாசு' எனப் பெயரிட்டனர்.

பாதையின் நீளம் ஏறத்தாழ 7.5 கிலோமீட்டர், அகலம் 800 மில்லிமீட்டர். ஐந்தரைக்கு ஒன்று என்னும் செங்குத்தில் வெறுஞ்சக்கரம் பிடிப்புக் கொள்ளாது. ஆதலின் தண்டவாளங்களின் நடுவே இரண்டு பற்சட்டங்கள் பதிக்கப்பட்டன. ஒன்றன் பல் மற்றதன் இடைவெளிக்கு நேராக அமையும். எஞ்சினின் பற்சக்கரம் அவற்றைக் கவ்விச் செல்லும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்டு கண்ட முறை இது. 1899இல் குன்னூரை எட்டிய நம் நீலகிரி மலைப்பாதையும் இம்முறையினதே. ஆயினும் அதன் ஏற்றம் பன்னிரண்டுக்கு ஒன்று என்னும் அளவினது. சுனோடனில் எஞ்சின் எப்போதும் கீழ்ப்புறமே நிற்கும். ஏறும்போது பெட்டிகளைத் தள்ளும், இறங்கும்போது தாங்கிவரும். இரண்டையும் கொக்கியிட்டுப் பிணைப்பதில்லை. கேட்பவர்க்கு இது அச்சந்தரும் ஏற்பாடே. அன்று பயணிகளைக் காத்ததும் இதுவே.

1896 ஏப்பிரல் 6. திறப்பு நாள். கொடுமுடியிலிருந்து இறங்கிய லாடாசு, கிளாக்வின் நிலையத்திற்கு மேலே பற்சட்டத்தைவிட்டு விலகிற்று. புதிதாகப் போடப்பட்ட பாதை பாரத்தால் அமிழ்ந்திருந்தது. ஓட்டுநர் தடையை இட்டார். பல் கவ்வாத சக்கரத்திற்குத் தடை எதற்கு? அவரும் துணைவரும் குதித்துப் பிழைத்தனர். எஞ்சின் மலைச்சரிவில் உருண்டு நொறுங்கியது. பிணைப்பின்மையால் பெட்டிகள் அதனோடு போகவில்லை. தம் தடைக்கருவியால் தாமே நின்றன. இருக்கையைவிட்டு எழாதோர் அனைவரும் உயிர் தப்பினர். பெட்டி ஓடும் என்று அஞ்சி வெளியே பாய்ந்த லான்பெரிசு ஊரினர் ஒருவர் மட்டும் காயமுற்று இறந்தார். அவரைப் பதற்றக்காரர் என்று பழிப்பது எளிது. தடை பிடிக்கும் என்பதை அறிய அவருக்கு ஏது வழி? உருண்ட எஞ்சின் தந்திக் கம்பிகளையும் கெடுத்தது. நேர்ந்ததை அறியாது பின்னே வந்த இரண்டாம் வண்டி, நின்ற பெட்டிகளில் மோதிற்று. நல்வாய்ப்பாக, பயணிகள் அதற்குள் இறங்கிவிட்டிருந்தனர்.

ஓராண்டுக் காலம் பாதை அடைபட்டது. ஆய்வுக்குப் பின் வண்டிச்சுமை குறைக்கப்பட்டது. பற்சட்டத்தின் இருமருங்கும் கோண இரும்புகள் பொருத்தப்பட்டன. எஞ்சினின் பிடிகள் அவற்றின்கீழ் நுழைந்து பற்றுவதால் சக்கரம் மேலெழ இயலாது. 1897 ஏப்பிரலில் வண்டிகள் மீண்டும் ஓடின. நிலக்கிழாரின் மகள் பெயர் தாங்கிய 'ஈனிட்' அங்கே 2ஆம் எண் எஞ்சின். 1ஆம் எண்ணுக்கு வேறோர் எஞ்சின் வரவேயில்லை.